புயலின் இரண்டாம் பாதிக்குக் காத்திருந்த பகல்

அன்று பகல் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, புயலின் கண் லண்டன் லூயிஷாமில் எங்கள் வீட்டுக் குசினிக்கு நேர் மேலே வந்து நிற்கிறது என்று நான் முழு மனதோடு நம்பினேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. நித்திரைக் கலக்கமும் இல்லை. காலையிலிருந்து மூன்று கோப்பை தேநீர் குடித்து, வரைபடத்தில் குறி வைத்து, கணக்குப் போட்டு, மூன்று பேரோடு போனில் ஆலோசித்து, முறைப்படி சென்றடைந்த முட்டாள்தனம் அது. அந்தக் கணக்கில் பாதி சரியாகத்தானே இருந்தது என்று இன்றைக்கும் ஒரு குரல் உள்ளே முணுமுணுக்கிறது. அன்றும் அந்தக் குரலை நம்பித்தான் கெட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், நவம்பர் மாதம். அதற்குச் சில வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபரில் தெற்கு இங்கிலாந்து முழுவதும் மரங்களைப் புரட்டிப் போட்ட பெருங்காற்று ஒன்று அடித்தது. ஊரே அதைப் பற்றிப் பேசியது. நான் மட்டும் அந்தக் காற்றைப் பார்க்கவில்லை. இரட்டை ஷிப்ட் செய்துவிட்டு வந்து படுத்தவன், பக்கத்து வீட்டு மரம் எங்கள் வேலியில் சரிந்ததுகூடத் தெரியாமல் குறட்டை விட்டிருக்கிறேன். "இவருக்கு மேல மரம் விழுந்திருந்தா, போர்வை எண்டு நினைச்சு இழுத்து மூடியிருப்பார்" என்று என் மனைவி போகிற வீடெல்லாம் சொன்னாள். நகைச்சுவை என் தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, வேறொருவருக்குச் சிரிப்புப் பொருளாக இருப்பது பிடிக்கவில்லை. அடுத்த புயல் வரட்டும், அதை வாசலிலேயே வரவேற்பேன் என்று தீர்மானித்திருந்தேன்.

என்னிடம் அதற்கு ஒரு படையே இருந்தது. அந்தக் காலத்தில் லண்டனைச் சுற்றி காருக்குப் பெற்றோல் நிரப்ப எந்தப் பெற்றோல் செட்டுக்குப் போனாலும் கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் ஆள், இலங்கைத் தமிழன் ஒருவன் காசு வாங்கிக்கொண்டிருப்பான். நானும் அப்படி ஒருவன். ஷிப்டுக்கு ஆள் வரவில்லையென்றால் ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்குப் போன் பறக்கும். லூட்டனில் பேசினால் அரை மணியில் குரொய்டனில் ஆள் கிடைக்கும். நாள் முழுவதும் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வானத்தையும் பம்பையும் பார்த்துக்கொண்டிருக்கிற இத்தனை பேர் கையில் ஆளுக்கொரு போனும் இருந்தால், இதைவிடச் சிறந்த வானிலை நிலையம் எந்த நாட்டில் உண்டு?

அன்று எனக்கு மாலை ஷிப்ட். காலையில் வீட்டில் இருந்தேன். மனைவிக்கும் விடுமுறை. அவளுக்கு அன்று ஒன்று பத்துக்கு டிரைவிங் டெஸ்ட், நான்காவது தடவை.

முதல் தடவை ரவுண்டபவுட்டில் எஞ்சின் நின்றது. இரண்டாம் தடவை நின்ற காரின் கண்ணாடியைத் தட்டிவிட்டாள். மூன்றாம் தடவை எதையும் தட்டாமல், எவருக்கும் முன்னால் போகாமல், மிக மெதுவாக ஓட்டியதற்காகவே தோற்றாள். அதைப் பற்றி நான் ஒரு பிறந்தநாள் வீட்டில், "பின்னால வந்தவங்கள் எல்லாம் செத்த வீட்டுக் கார் எண்டு நினைச்சுத் தொப்பியைக் கழட்டினவங்கள்" என்று சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த முறை விஷயம் விளையாட்டல்ல. அவள் விடியற்காலையில் எழுந்து இரண்டு பஸ் பிடித்துப்போய் ஒரு தொழிற்சாலையில் சான்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்தாள். வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்க்கும் வேலை ஒன்று உள்ளூர் கவுன்சிலில் அவளுக்குக் கிடைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. மாதம் முடிவதற்குள் முழு லைசென்ஸோ டெஸ்ட் பாஸான சீட்டோ காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்றைய டெஸ்டைத் தவறவிட்டால் அடுத்த தேதி கிடைக்க ஆறு வாரமாவது ஆகும். அந்தக் கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. பால் எடுக்கும்போதெல்லாம் அதை வாசித்துக்கொள்வாள்.

பத்தரைக்கு லண்டனுக்கு வடக்கே லூட்டனிலிருந்து போன். என்னோடு படித்தவன், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு செட்டில் வேலை செய்பவன்.

"டேய், ரேடியோ கேட்டனியே? இஞ்ச மேற்குப் பக்கம் கரிச்சட்டி மாதிரி வருது. ஒரு லொறிக்காரன் இப்பதான் வந்தவன். மேகத்தில இருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒண்டு இறங்கினதாம். காருக்குப் பின்னால இழுக்கிற கரவன் வீட்டு வண்டி ஒண்டைப் புரட்டிப் போட்டுதாம்."

"தும்பிக்கையோ?"

"ஓமடா. சுழல்காற்று. ரேடியோவிலயும் சொல்லுறாங்கள், வடக்கால ரெண்டு மூண்டு இடத்தில இறங்கியிருக்கு எண்டு. பொறு, பொறு... ஐயோ, எங்கட விலைப் பலகை சுத்துதடா!"

போன் வைக்கப்பட்டது. என் இதயம் ஒரு பக்கம் பயத்தாலும் மறு பக்கம் மகிழ்ச்சியாலும் அடித்தது. கடைசியில் எனக்கும் ஒரு புயல்!

செட்டில் இலவசமாகக் கொடுத்த வீதி வரைபடத்தைக் குசினிச் சுவரில் ஒட்டினேன். குறி வைக்க எதுவும் கிடைக்கவில்லை. மனைவியின் ஒட்டுப்பொட்டு மட்டையை எடுத்து, லூட்டன் மேல் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன்.

"என்ரை பொட்டு எல்லாத்தையும் முடிக்காதேங்கோ" என்றாள் அவள். மேசையில் உட்கார்ந்து வீதிச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"உயிர் போற நேரத்தில பொட்டோ?"

"ஆரின்ர உயிர் போகுது இப்ப?"

கால் மணியில் லூட்டன்காரன் திரும்ப எடுத்தான். ஆலங்கட்டி மழை, பேப்பர்த் தட்டு வீதிக்குப் பறந்துவிட்டது, பம்புக்கு மேலிருந்த கூரை டமார் டமார் என்று அடித்தது. "இப்ப எல்லாம் ஓஞ்சு போச்சு. வெயில் எறிக்குது. நம்ப ஏலாது" என்றான்.

வெயிலா?

அங்கேதான் எனக்கு விம்பிள்டன் அண்ணையின் நினைவு வந்தது. எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தபோது அந்தப் பக்கத்தைச் சூறாவளி அடித்தது. அந்தக் கதையை அவர் சொல்லக் கேட்காத தமிழன் தேம்ஸ் நதிக்குத் தெற்கே இருந்திருக்க முடியாது. முதலில் ஒரு பக்கத்திலிருந்து காற்று, ஓடெல்லாம் போகும். பிறகு சட்டென்று அமைதி. சனம் தப்பிவிட்டோமென்று வெளியே வந்து ஓடு பொறுக்கும். அது புயலின் கண். அரை மணியில் மறுபக்கத்திலிருந்து இரண்டாம் பாதி வரும். ஓடு பொறுக்கினவர்களையும் சேர்த்துப் பொறுக்கும். இந்த இடத்தில் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்கள் எல்லாரும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்போம்.

அவருக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, வெயில் எண்டு சொன்னவனே?" அவருடைய குரல் பதினைந்து வயது குறைந்தது போல் இருந்தது. "அமைதியை நம்பாதையும். அதுதான் கண். அவனைக் கடையைப் பூட்டிப்போட்டு உள்ளுக்க இருக்கச் சொல்லும். ரெண்டாம் பாதி வரப்போகுது."

நான் லூட்டனுக்குச் சொன்னேன். அவன் கடையைப் பூட்டவில்லை. "முதலாளி என்னைப் பூட்டிப்போடுவான்" என்றான். பதினொன்று பத்துக்கு வட லண்டனில், எட்மண்டனில் அடித்தது. அங்கே ஒரு செட்டில் என் மனைவியின் தம்பி.

"அத்தான், இருட்டிப் போச்சு. லைற் எல்லாம் போட்டிருக்கிறன். குப்பைத் தொட்டி ஒண்டு தானா ரோட்டைக் கடந்து போகுது."

"நீ ஸ்டோர் றூமுக்க போ. ஓஞ்சாலும் வெளியில வராதை. நான் சொல்லுமட்டும் வராதை!"

"அக்காவுக்கு இண்டைக்கு டெஸ்ட் எல்லே?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

வரைபடத்தில் எட்மண்டனுக்கு இன்னொரு பொட்டு. லூட்டனிலிருந்து எட்மண்டனுக்கு எத்தனை மைல், எத்தனை நிமிடம், அங்கிருந்து லூயிஷாமுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்தேன். பதினொன்று இருபத்தெட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வரும் என்று அறிவித்தேன். இதற்கிடையில் விம்பிள்டன் அண்ணைக்கு நிலவரம் சொன்னபோது ஒரு தும்பிக்கை மூன்றாகி, ஒரு கரவன் வண்டி ஒரு வரிசையாகியிருந்தது. நடுவில் நான் ஒருவன்தான் இருந்தேன். எனவே எவன் கூட்டிச் சொன்னான் என்று இங்கே விசாரணை வேண்டாம்.

ஆயத்தங்கள் தொடங்கின. குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன். மெழுகுதிரி எடுத்தேன். பிறகு எங்கள் ஆட்கள் ஆபத்தென்றால் முதலில் தூக்கும் சாமானைத் தூக்கினேன். நகையல்ல, பத்திரக் கோப்பு. பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, கடவுச்சீட்டு, விசா கொடுத்த கடிதம், கொடுக்க மறுத்த கடிதம், மறுத்ததை மறுத்த கடிதம். இலங்கையில் வீடு எரிந்ததில் கடதாசி இல்லாமல் வந்து, நான் நான்தான் என்று நிரூபிக்க நான்கு வருடம் எடுத்தவன் நான். வீட்டில் கண்ணில் பட்ட எல்லாக் கடதாசியையும் அள்ளி, பத்துக் கிலோ அரிசி வந்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பார்சல் டேப்பால் சுற்றினேன். பிறகு மறுபடியும் சுற்றினேன். ஒரு டேப் உருளை முழுவதும் முடிந்தது. வீட்டிலேயே பலமான இரும்புச் சாமான் எது? வாஷிங் மெஷின். பையை அதற்குள் வைத்துக் கதவை மூடினேன். கூரை போனாலும் வாஷிங் மெஷின் போகாது.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு அடித்தது. என் கணக்கில் பிழை மூன்று நிமிடம் மட்டும். அந்த நாளில் நான் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அதுவாகையால் தயவுசெய்து கவனித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெளிச்சம் போயிற்று. வானம் மேற்கிலிருந்து சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் உருண்டு வந்தது. இடி பலகை முறிவதுபோல் கேட்டது. அடுத்த கணம் மழை நேராக வராமல் பக்கவாட்டில் வந்து யன்னலை அறைந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் தோட்டத்துக் கொட்டிலின் கூரை எழுந்து, யோசித்து, எங்கள் பக்கம் வந்து விழுந்தது. நான் படிக்குக் கீழே இருந்த மூலைக்குள் புகுந்து, தூசி உறிஞ்சும் ஹூவரின் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வாரும், இஞ்ச வாரும்!" என்று கத்தினேன். அவள் வரவில்லை. குசினி வாசலில் நின்று, மழையில் கார்கள் எப்படி லைற் போட்டுப் போகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினெட்டு நிமிடம். பிறகு சட்டென்று நின்றது. மழை இல்லை, காற்று இல்லை. முகிலுக்கு நடுவில் ஒரு துண்டு நீலம், அதிலிருந்து வெயில்.

"கண்" என்றேன் மூலைக்குள்ளிருந்து.

அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு டிரைவிங் பழக்குகிற பெண் வருவார். டெஸ்டுக்கு முன் ஒரு மணி நேரப் பயிற்சி.

"நீர் இண்டைக்குப் போகேலாது. இது கண். இன்னும் அரை மணியில மற்றப் பாதி வரும்."

"லூட்டனில எப்ப ஓஞ்சது?"

"பத்தே முக்காலுக்கு."

"இப்ப அங்க என்ன மாதிரி?"

"வெயில்."

"எட்மண்டனில?"

"வெயிலாத்தான் இருக்கோணும்."

"அப்ப உங்கட கண் லூட்டனில இருந்து லூயிஷாம் மட்டும் நீளமோ? உதென்ன கண்ணப்பா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. பெரிய புயலுக்குப் பெரிய கண். ஆனால் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அவள் மேசையைப் பார்த்தாள், கைப்பையைப் பார்த்தாள், குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பார்த்தாள். கவுன்சில் கடிதமும் இல்லை.

"இஞ்ச வைச்ச என்ரை பழகுநர் லைசென்ஸ் எங்கை? டெஸ்ட் கார்ட் எங்கை?"

நான் ஹூவர் குழாயைப் பார்த்தேன்.

"எங்கையப்பா?"

"பத்திரமா இருக்கு."

"எங்கை பத்திரமா இருக்கு?"

"வாஷிங் மெஷினுக்க."

அவள் போய்க் கதவைத் திறந்து, அந்தப் பழுப்பு நிற உருண்டையை வெளியே எடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று தெரியாத அளவுக்கு டேப். நான் ஒரு பகிடி விடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் உருண்டையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு நான் கார் ஓடுறது பிடிக்கேல்லை எண்டா நேரா சொல்லியிருக்கலாம்" என்றாள்.

என் வாழ்க்கையில் என்னைப் பலபேர் பலவிதமாகத் திட்டியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றும் இப்படித் தைக்கவில்லை. நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பிறந்தநாள் வீட்டில் அத்தனை பேரையும் சிரிக்க வைத்தவன் நான்தானே. அவள் ஏன் அப்படி நினைக்கக் கூடாது? மூலைக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வந்தேன். மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து டேப்பை அறுக்கத் தொடங்கினேன். இரண்டாம் பாதி வந்தால் வரட்டும்.

மூன்றாவது சுற்றை அறுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஹோர்ன் அடித்தது. டிரைவிங் பழக்குபவர் ஜமைக்காவில் பிறந்தவர். ஐம்பது வயதிருக்கும். கம்பளித் தொப்பி, எவரையும் டார்லிங் என்று கூப்பிடுவார். உள்ளே வந்து, தண்ணீர் நிரம்பிய குளியல் தொட்டியையும், மெழுகுதிரியையும், பொட்டு வைத்த வரைபடத்தையும், கத்தியோடு நின்ற என்னையும் பார்த்தார்.

"என்ன நடக்கிறது டார்லிங்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் மனைவி புயலின் கண்ணைப் பற்றி விளக்கினாள். அவருக்கு நியாயம் தெரியட்டும் என்று நானும் இடையிடையே சேர்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு ஹரிக்கேன் சூறாவளியின் கண்ணுக்குள் நின்றிருக்கிறேன்" என்றார். "உள்ளே புழுங்கும். சட்டை உடம்போடு ஒட்டும். இங்கே வாருங்கள்."

என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். காலையில் சேர்ட்டோடு நிற்கக்கூடியதாக இருந்த இடத்தில் இப்போது குளிரில் பல் கிட்டியது. காற்று கழுவித் துடைத்தது போல் சுத்தமாக இருந்தது. தெருக்கோடியில் இருந்த தேவாலயக் கோபுரத்தின் கல்லுக்குக் கல் தெரிந்தது.

"குளிர் வந்துவிட்டது. அப்படியென்றால் அது போய்விட்டது. இது வேறு சாமான், டார்லிங். இது ஓடுகிற சாமான், திரும்பி வராது." பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "லைசென்ஸ் கிடைத்ததா?" என்றார்.

கிடைத்தது. ஒரு மூலையில் கத்தி கொஞ்சம் கிழித்திருந்தது, பெயரும் இலக்கமும் தப்பின. அவள் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்து, என்னைப் பார்க்காமல் படியிறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். வாழ்த்துச் சொல்ல வேண்டும். வாயில் வந்ததோ, "இருட்டினா நிப்பாட்டும்!"

"நீங்கள் உள்ளுக்கப் போய் மூலையில இருங்கோ" என்றாள். ஆனால் சொல்லும்போது உதட்டின் ஓரம் சற்று அசைந்தது. அதை நான் கண்டேன்.

கார் போனபின் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. போன்தான் துணை. லூட்டனுக்கு எடுத்தேன்.

"ரெண்டாம் பாதியோ? டேய், சனம் கார் கழுவ லைனில நிக்குது. வை போனை."

எட்மண்டனுக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது, நான் சொல்லும்வரை வெளியே வராதே என்று சொன்னவன் நான். ஐந்தாவது தடவை எடுத்தான்.

"அத்தான், மனேச்சர் வந்து நிக்கிறான். நல்ல வெயிலுக்க கதவு பூட்டியிருக்கு, நான் உருளைக்கிழங்கு சிப்ஸ் பெட்டிக்கு மேல குந்தியிருக்கிறன். என்ன சொல்ல?"

"புயல் எண்டு சொல்லு."

"அவன் வானத்தைக் காட்டுறான் அத்தான்."

கடைசியாக விம்பிள்டன் அண்ணை. அங்கேயும் அடித்து, ஓய்ந்து, துணிகூடக் காயப் போட்டுவிட்டார்களாம்.

"இன்னும் வரேல்லையோ?" என்றார். அதில் சிறிய ஏமாற்றம் இருந்தது.

"இல்லை அண்ணை."

"இந்த நாட்டுச் சனம் எல்லாத்தையும் அளவாத்தான் வைச்சிருக்குதுகள். புயலும் அரைவாசிதான் போல." பிறகு, "உம்மட மனுசி பாஸ் பண்ணுவா. நான் சொல்லுறன், பாரும்" என்றார். இந்தத் துறையில் அவருடைய முன்னறிவிப்பை நம்புவதா என்று நான் தடுமாறினேன்.

மூன்று மணிக்குக் கார் வந்து நின்றது. அவள்தான் ஓட்டிக்கொண்டு வந்தாள். கார் நின்ற பின்னும் இறங்காமல், இரண்டு பெண்களும் உள்ளே எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யன்னல் திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிரிப்பு என்னைப் பற்றி என்பது மட்டும் தெரிந்தது. முதல் தடவையாக அது என்னை உறுத்தவில்லை.

நடந்தது இதுதான். டெஸ்ட் போன வழியில் மேப்பிள் மரக் கிளை ஒன்று பாதி வீதியை மறித்துக் கிடந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள், எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டாள், சைகை காட்டி, கிளையைச் சுற்றிப் போனாள். பரிசோதகர் தன் தாளில் எழுதிக்கொண்டார். சுழல்காற்று அன்று வடக்கே சில இடங்களில் இறங்கியது, சில கூரைகளும் கரவன் வண்டிகளும் போயின. எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் பாஸ். மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது கவுன்சில் அலுவலகத்தில் பாஸான சீட்டைக் காட்டி, அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள்.